நாலு பழம் மிதந்த சூப்

அந்த மருந்துக்கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கழுகு எங்க?" என்பார்கள். "கழுகு பாத்தாச்சா?" என்பார்கள். அவள் பார்க்காமல் ஒரு பெட்டி சரக்குகூடக் கடைக்குள் ஏறாது. சீன வைத்தியத்தில் காலங்காலமாகப் புழங்கும் கோஜிப் பழம்தான் அந்தக் கடையின் உயிர்நாடி. உலர்ந்த திராட்சையைவிடச் சின்னதாக, நீள வாக்கில், செக்கச்செவேல் என்று இருக்கும். மொத்த வியாபாரி அனுப்பியதும் அதை ஜன்னலோரம் வெள்ளைத் துணியில் பரப்பி, குனிந்து ஒரு பார்வை பார்ப்பாள். காம்புப் பக்கம் வெளுத்த ஒரு புள்ளி இருக்க வேண்டும். சாயம் ஏற்றிய பழத்தில் அந்தப் புள்ளியும் சிவந்து கிடக்கும். நல்ல சரக்குக்கு நடுவில் ஒன்றிரண்டை ஒளித்து வைத்து அனுப்பினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பிறகு ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டுக் கையைத் திறப்பாள். பொலபொலவென்று உதிர்ந்தால் உள்ளே போகும். கட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும்.

கடை அவளுடைய அக்கா புருஷனுடையது. அத்தான் என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அத்தானுக்குக் கண் சுமார்தான், ஆனால் வாய் இருந்தது. கல்லாவில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்கு வாயில் ஈ போவது தெரியாது. "கண்ணுக்கு இதைவிட ஒண்ணு கிடையாதுங்க. பார்வை பளிச்சுன்னு நிக்கும். கல்லீரலுக்கு நல்லது, சிறுநீரகத்துக்கு நல்லது. தூக்கம் வரலையா, அடிச்சுப் போட்ட மாதிரி வரும். தோல் சுருங்காது. சளி, ஜுரம் கிட்ட வராது." வந்தவர் தலையைத் தடவினால் பட்டியலில் முடியும் சேர்ந்துகொள்ளும், முழங்காலைத் தடவினால் மூட்டும் சேர்ந்துகொள்ளும். அதில் எது வைத்தியம், எது வியாபாரம் என்று பிரித்துப் பார்க்க அவருக்கே நேரம் இருந்ததில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மனுஷர் கறாராக இருந்தார், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் ஒருவர், முன்பு எப்போதோ இந்தப் பழத்தை வாங்கிப் போய்த் தினமும் ஊறவைத்துக் குடித்துவிட்டு, மூக்கில் ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். பழம் அந்த மாத்திரையின் வேலையை ஏற்றிவிடும், ரத்தம் நீர்த்துப் போய்விடும் என்று அங்கேதான் சொன்னார்கள். அத்தான் அன்று நடுங்கிப்போனார். அதிலிருந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்காமல் பொட்டலம் மடிக்கக் கூடாது என்பது கடைச் சட்டம். அந்த மாத்திரைக்காரர் என்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்.

ஆனால் சட்டமெல்லாம் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்குத்தான். கடைக்குப் பின்னால்தான் வீடு. அங்கே அதே பழம் சூப்பில் மிதக்கும். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. "கடையில மருந்து, அடுப்புல சாப்பாடு" என்பார் அத்தான்.

அப்பா அம்மா போன பிறகு அக்காவோடு ஒண்ட வந்தவள் கழுகு. அப்போது சின்னப் பெண். வந்த இடத்தில் சமையலும் அவள் தலையில் விழுந்தது, சரக்குப் பார்ப்பதும் விழுந்தது. வயது வந்தபோது ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை கடிகாரம் பழுது பார்ப்பவர், சாது. இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். இரண்டாம் முறை போகும்போது வாசலில் நின்று அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அடுத்து வந்த பேச்சுகளும் அப்படியே பாதியில் அறுந்தன. அக்கா தன் கல்யாணமே நின்றுபோன மாதிரி அழுதாள். "விடும்மா, அவங்களுக்குக் கொடுத்து வைக்கல" என்று அத்தான்தான் சமாதானம் செய்தார். தன்னிடம் ஏதோ குறை என்று கழுகு தனக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். கண்ணாடி பார்ப்பதை நிறுத்தினாள். தலை நரைத்தது.

நரைத்த பிறகு ஒரு நாள் முற்பகலில் கடிகாரக்காரர் கடைக்கு வந்தார். அத்தான் வங்கிக்குப் போயிருந்தார். கழுகு கல்லாவில் நின்றாள். கண்ணில் லென்ஸை மாட்டி மாட்டிப் பார்வை மங்குகிறது, கோஜிப் பழம் நல்லது என்கிறார்களே என்று கேட்டவர், பாதியில் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்களா! உங்க கண்ணு இப்ப எப்படி இருக்கு?"

"என் கண்ணுக்கு என்ன?"

"இல்ல... முப்பது வயசுக்குள்ள பார்வை போயிடும், குடும்ப வியாதின்னு உங்க அத்தான் சொன்னாரே. தனியா கூப்பிட்டுச் சொன்னாரு. பொண்ணுக்கே தெரியாது, மறைச்சுக் கட்டிக் கொடுக்க மனசு வரல, நீங்களும் வெளியில சொல்லிடாதீங்கன்னு கண்ணு கலங்கிச் சொன்னாரு. அவ்வளவு நல்ல மனுஷன்." அவர் கையில் இருந்த பையை உருட்டினார். "எனக்குப் பயமா போச்சுங்க. என்னை மன்னிச்சுடுங்க."

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள் கழுகு. ஒன்றுமில்லை என்றார். பழத்தை நிறுத்துப் பொட்டலம் மடித்துக் கொடுத்தாள். அவர் போன பிறகு ஜன்னலோரம் போய், துணியில் பரப்பியிருந்த பழத்துக்கு முன் உட்கார்ந்தாள். அப்போதுதான் முழுவதும் விளங்கியது. இந்தக் கண் வெளியே போய்விட்டால் கடை படுத்துவிடும். அதனால்தான் இந்தக் கண் அவிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். கண்ணை வைத்துக்கொள்ளக் கண்ணையே பழி சொல்லியிருக்கிறார்.

அவள் கத்தவில்லை. கத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அத்தான் சத்தியம் செய்வார், கண் கலங்குவார், அக்கா இரண்டு பேரையும் பார்த்து அழுவாள், மறுநாள் சரக்கு வண்டி வரும், கழுகு குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். அந்த ஆள் வாயால் ஜெயிப்பவர். அவரை வாய் இல்லாத இடத்தில் அடிக்க வேண்டும்.

முதலில் சாயப் பழத்தை உள்ளே விட்டுவிடலாமா என்று யோசித்தாள். ஒரே ஒரு பெட்டிக்குக் கண்ணை மூடிக்கொண்டால் கடையின் மானம் கப்பலேறும். ஆனால் அதை வாங்கித் தின்னப்போவது தெருக்கோடி டீச்சரும் அக்கம்பக்கத்துக் கிழவிகளும். அவர்கள் அவளுக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள்.

பொறுத்ததற்குப் பலன் கிடைத்தது. மாடிப்படி ஏறும்போது அத்தானுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துத் தலை சுற்றியது. ஆஸ்பத்திரிக்கு அக்காவோடு கழுகும் போனாள். துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, உள்ளே ரத்தம் கட்டிவிடக் கூடாது என்று டாக்டர் மாத்திரை எழுதினார். எந்த மாத்திரை என்று சொல்லவும் வேண்டுமா? கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றால் கும்பிடு வாங்கிக்கொண்டு திரும்பிப் போக வேண்டிய அதே மாத்திரை.

"வேற மருந்து, மூலிகை ஏதாவது எடுத்துக்கிறீங்களா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல டாக்டர். நம்ம கடைச் சரக்கை நம்மளே சாப்பிட்டா வியாபாரம் என்னாகுறது?" என்று அத்தான் சிரித்தார். டாக்டரும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காதான் கேட்டாள். "சூப்புல இனிமே பழம் போடலாமாங்க? அந்த மாத்திரைக்கு ஆகாதுன்னு நீங்களே சொல்வீங்களே."

"அட நீ வேற. அது பொட்டலம் கட்டிக் கொடுக்கிறதுக்கு. சூப்புல மிதக்கிற நாலு பழம் மருந்தா? அது சாப்பாடு. பழம் இல்லாத சூப்பை எவன் குடிப்பான்?"

கழுகு அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உலகத்துக்கெல்லாம் எச்சரிக்கை சொன்ன மனுஷர், தன் வாயாலேயே தன் கதவைத் திறந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து அத்தானுக்குத் தனிப் பாத்திரம். உப்பு குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பது நல்ல சாக்காகக் கிடைத்தது. அள்ளி அள்ளிப் பழத்தைப் போட்டுக் கொதிக்க வைத்து, மசித்து, துணியில் பிழிந்து சக்கையைக் குப்பையில் கொட்டிவிடுவாள். அந்தச் சாற்றில்தான் சூப். நிறம் காட்டிக் கொடுக்காமல் இருக்கக் கேரட். மேலே நாலே நாலு பழத்தை மிதக்க விடுவாள். பார்ப்பவருக்கு அது அலங்காரம். "இப்பத்தான் சூப்பு சூப்பா இருக்கு. தித்திப்பா இருக்கே!" என்று அத்தான் கிண்ணத்தை வழித்துக் குடித்தார். அவள் வாசற்படியில் நின்று கடைசிச் சொட்டு இறங்கும்வரை பார்த்தாள்.

கொஞ்ச நாளில் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. கல்லாவில் இடித்துக்கொண்ட முழங்கை கருநீலமாகக் கன்றியது. சவரம் செய்யும்போது தாடையில் பட்ட சின்னக் கீறலுக்கு அக்கா அரை நாள் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுகுக்கு அது இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது, உள்ளபடியே இனித்தது. அக்காவின் விரல் நடுங்குவதைப் பார்த்தபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் டாக்டர் பதறிவிட்டார். ரத்தம் தண்ணீராக ஓடுகிறது, உங்கள் உடம்புக்கு மாத்திரை அதிகம் போலிருக்கிறது என்று குறைத்தார். அதற்கடுத்த பரிசோதனையிலும் குறைத்தார். அதற்குப் பிறகு எல்லாம் சரியாக வந்து நின்றது. பாதி மாத்திரை போதும், அருமையாக இருக்கிறது என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

கழுகுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் ஊற்றிய வினை டாக்டரின் கணக்கில் சேர்ந்து மருந்தாகிவிட்டது. பாதி மாத்திரையும் அவளுடைய சாறும் சேர்ந்துதான் இப்போது அந்த மனுஷரை நடமாட வைக்கின்றன. பழத்தைக் கூட்டினால் டாக்டர் மாத்திரையைக் குறைப்பார். பழத்தை நிறுத்தினால் ரத்தம் கட்டிக்கொள்ளும். பழி வாங்கப் புறப்பட்டவள் ஆயா வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஜுரத்தில் படுத்த நாளன்றுகூட எழுந்து போய்ச் சாறு பிழிந்தாள். ஏன் எழுந்தோம் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இரக்கமெல்லாம் இல்லை. யார் அடித்தது, எதற்கு அடித்தது என்று தெரியாமல் அந்த ஆள் பொட்டென்று போய்விட்டால் அது தப்பித்துப் போவது. அவர் தப்பிக்கக் கூடாது.

இதற்கிடையில் அத்தானுக்கு வாய் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. "என்னைப் பாருங்க. ஆஸ்பத்திரிக்காரன் கொடுத்த மாத்திரை பாதியாயிடுச்சு. எப்படி? தினமும் சூப்புல நாலு பழம், அவ்வளவுதான்!" என்று கல்லாவில் மார்தட்டினார். அதில் பழத்தின் எண்ணிக்கையைத் தவிர ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பது கழுகுக்கு மட்டும்தான் தெரியும்.

இதைக் கேட்டுத்தான் ஒரு டாக்ஸிக்காரர் வந்தார். அவருக்கும் இதயக் கோளாறு, அதே மாத்திரை. முன்பு அத்தானே பழம் கிடையாது என்று திருப்பி அனுப்பியவர்.

"உங்களுக்கு ஒத்துக்கிச்சுன்னா எனக்கும் ஒத்துக்கும்ல, முதலாளி? மாத்திரை தின்னு அலுத்துப்போச்சு."

"நானே சாட்சி. தாராளமா சாப்பிடுங்க. கழுகு, ஒரு பெரிய பொட்டலம் போடு."

"அவருக்குக் கொடுக்கக் கூடாது, அத்தான்."

"நீ பழத்தைப் பாரு. ஆளைப் பாக்க நான் இருக்கேன்."

அத்தானே எழுந்து நிறுத்து மடித்து நீட்டினார். கழுகு நடுவில் கையை நீட்டிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, இந்த மாத்திரையோட இதைச் சாப்பிட்டா அடிபட்டா ரத்தம் நிக்காது. நீங்க வண்டி ஓட்டுறவரு. வேண்டாம்."

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அத்தானுக்கு முகம் சிவந்தது, ஆனால் சமாளித்துக்கொண்டு சிரித்தார். "வயசாயிடுச்சு பாவம். கண்ணும் போச்சு, புத்தியும் போச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். டாக்ஸிக்காரர் மட்டும் அவள் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று கையை இழுத்துக்கொண்டு போனார். பொட்டலம் கழுகின் கையிலேயே இருந்தது. கண்ணும் போச்சு. எவ்வளவு சுலபமாக அந்த வாயில் வந்துவிட்டது! அன்றைக்கும் இப்படித்தான் சொல்லியிருப்பார். அதோடு, இன்று ஒரு டாக்ஸிக்காரர் திரும்பிப் போனார், நாளைக்கு எத்தனை பேர் வருவார்களோ. அவள் வைத்த நெருப்பு அடுத்த வீட்டுக் கூரைக்குத் தாவப் பார்த்தது. இனி தள்ளிப்போட முடியாது.

மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அத்தானின் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு, கழுகு உட்காராமல் நின்றாள்.

"அத்தான், குடிக்கிறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க. அதுல நாலு பழம் இல்ல. ரெண்டு பிடி இருக்கு. பிழிஞ்சு ஊத்தியிருக்கேன். உங்களுக்கு மாத்திரை எழுதின மறுநாளிலேர்ந்து ஊத்துறேன். ஈறுல வந்த ரத்தம், தாடையில நிக்காத ரத்தம், எல்லாம் நான் பண்ணினது. உங்களைக் கொல்லணும்னுதான் பண்ணினேன்."

அக்கா கையில் இருந்த கரண்டி தட்டில் விழுந்தது. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அந்த வாயில் ஒரு வார்த்தையும் வராததை முதல் தடவையாகப் பார்த்தாள் கழுகு.

"பைத்தியமா உனக்கு? போலீஸ்ல சொல்லுவேன்!" என்றார் ஒருவழியாக.

"சொல்லுங்க. காலையில டாக்ஸிக்காரருக்கு என்ன கொடுக்கப் பாத்தீங்கன்னும் சேத்துச் சொல்லுங்க. இன்னொண்ணு. இன்னைக்கே டாக்டர்கிட்ட போயி நடந்ததைச் சொல்லுங்க. உங்க பாதி மாத்திரை என் பழத்தை நம்பித்தான் இருக்கு. அவர்கிட்ட சொல்லாம பழத்தை மட்டும் நிறுத்தினா ரத்தம் கட்டிடும். உயிரோட இருங்க. இருந்து அனுபவிங்க."

"எதுக்குடி?" என்றாள் அக்கா. "உனக்கு என்ன குறை வச்சோம்?"

"அவரைக் கேளு. எனக்கு முப்பது வயசுக்குள்ள கண்ணு போயிடும், குடும்ப வியாதின்னு கடிகாரக்காரர்கிட்ட சொன்னது யாருன்னு கேளு. அப்புறம் வந்தவங்க ஏன் வாசலோட போனாங்கன்னு கேளு."

அக்கா கேட்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தாள். அத்தான் சத்தியம் செய்ய வாயெடுத்தார். கண்ணும் கலங்கியது. ஆனால் குடும்ப வியாதி என்றால் அக்காவுக்கும் சேர்த்துத்தானே சொல்லியிருக்கிறார்? அந்த அக்கா இந்த வயதிலும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோப்பவள். அவள் பார்த்த பார்வையில் அத்தானின் சத்தியம் தொண்டையிலேயே நின்றது.

"அன்னைக்கு நான் விழுந்து விழுந்து அழுதேன்" என்றாள் அக்கா மெதுவாக. "நீங்கதான் பக்கத்துல உக்காந்து என் கண்ணைத் துடைச்சு விட்டீங்க."

அத்தான் தலை குனிந்தார். கழுகு உள்ளே போய், காலையிலேயே கட்டி வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டாள். மொத்த வியாபாரியின் கிடங்கில் அவளை வெகு நாளாக வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தங்க அறையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்காவிடம் என்ன சொல்லிக்கொண்டு போவது என்றுதான் தெரியவில்லை. கால் தயங்கியது.

அக்கா எழுந்தாள். புருஷன் முன்னால் இருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினாள். தனக்கும் தங்கைக்கும் பொதுவாக இருந்த பானையிலிருந்து வேறு கிண்ணத்தில் ஊற்றினாள். அடுப்படியில் கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். என்ன செய்தாள் என்று மேஜையிலிருந்து தெரியவில்லை. திரும்பி வந்து கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள். கலங்கின கண் இல்லை, நடுங்கின விரல் இல்லை.

"இனிமே நான்தான் சமைப்பேன்" என்றாள். "சாப்பிடுங்க. ஆறிடப் போகுது."

அத்தான் கிண்ணத்தைப் பார்த்தார். பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். கரண்டியால் அடிவரை கிளறிப் பார்த்தார். மறுபடியும் அவள் முகத்தைப் பார்த்தார். கரண்டி வாய் வரை போய்விட்டுக் கிண்ணத்துக்கே திரும்பியது. அக்கா எதிரில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, காத்துக்கொண்டிருந்தாள்.

கழுகு அதை வாசற்படியில் நின்று கண்ணாரப் பார்த்தாள். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தெருவில் இறங்கினாள்.